ஊசிக்காரி பாட்டுக்கு ஓர் அடிக்குறிப்பு

ஜூன் 3

அக்காவுக்கு,

பதினோரு வருடம் கழித்து எழுதுகிறேன். நலமா என்று கேட்கவில்லை. போன மாதம் செய்தித்தாளில் உன் படம் வந்திருந்தது. விருதுக் கேடயத்தைப் பிடித்துக்கொண்டு, அதைக் கொடுத்தவரைவிட நிமிர்ந்து நிற்கிறாய். நலமாகத்தான் இருக்கிறாய்.

விஷயத்துக்கு வருகிறேன். என் வீட்டுப் பின்சுவரை ஒட்டிப் பள்ளிக்கூட மைதானம். ஒன்றாம் வகுப்புக்கு வரப்போகும் புதுப் பாடநூலைச் சில பள்ளிகளில் சோதனையாகக் கொடுத்திருக்கிறார்கள். இதுவும் அதில் ஒன்று. திங்கட்கிழமை முதல் நாற்பது பிள்ளைகள் கைகோத்து வட்டமாக நின்று பாடுகிறார்கள்:

ஊசிக்காரி, ஊசிக்காரி, கதவைத் திற,
ஒட்டுப் போட்டுச் சட்டையைத் தர.
பெட்டிக்குள்ளே என்ன, பொம்மையா?
பேச்சு மூச்சே இல்லை, உண்மையா?

நடுவில் ஒரு பெண் கண்ணைப் பொத்திக்கொண்டு நிற்கிறாள். 'உண்மையா' என்றதும் மற்றவர்கள் சிதறி ஓட, அவள் துரத்திப் பிடிக்க வேண்டும். பிடிபட்ட பிள்ளை அடுத்த ஊசிக்காரி. பாடநூலில் பாட்டுக்குக் கீழே, இது இருநூறு வருடப் பழமையானது என்று ஒரு குறிப்பும், அதன் கீழே உன் பெயரும் இருக்கிறதாம். அங்கே வேலை செய்யும் ஆசிரியை பெருமையாகச் சொன்னாள்.

எனக்கும் பக்கத்து வீட்டுக்கும் நடுவில் ஒரு செங்கல் கனம்தான். அங்கே இருப்பவள் ரெடிமேட் சட்டைக் கம்பெனிக்குப் பட்டன் தைத்துக் கொடுப்பவள். எல்லோருக்கும் பட்டன்காரம்மா. எழுபது வயது. மகனோடு இரண்டு வருடத்துக்கு முன் குடிவந்தாள். அவள் அம்மா யார் என்பது ஒரு வருடமாக எனக்குத் தெரியும். நம் தெருக்கோடியில், நான்கு படி ஏறிப் போகிற வீட்டில், தையல் மெஷின் வைத்திருந்தாளே, அவள்தான். அந்த வீட்டுச் சின்னப் பெண்தான் இவள். நானும் அந்தத் தெருக்காரி என்று இவளிடம் இன்னும் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று கேட்காதே.

திங்கட்கிழமை, முதல் வரி முடிவதற்குள் எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினாள். இந்த வெயிலில் மூன்று நாளாகச் சாத்தியே இருக்கிறது. புழுங்கவில்லையா என்று கேட்டேன். "காத்து வேணாம்" என்றாள்.

புத்தகம் ஜூலைக் கடைசியில் அச்சுக்குப் போகிறதாம். அதற்குள் அந்தப் பாட்டை எடுத்துவிடச் சொல். உன் வார்த்தைக்கு அங்கே மதிப்பு இருக்கிறது. வேறெதுவும் உன்னிடம் கேட்கவில்லை.

தங்கை

ஜூன் 11

தங்கைக்கு,

உன் கடிதம் கிடைத்தது. கையெழுத்து இன்னும் மருந்துச் சீட்டுபோலத்தான் இருக்கிறது. முப்பத்திரண்டு வருடம் பிரசவ வார்டில் நர்ஸாக இருந்தவளிடம் வேறென்ன எதிர்பார்ப்பது.

முதலில் பழைய பாக்கியைத் தீர்த்துவிடுகிறேன். என் புத்தகத்தின் முன்னுரையில், பாட்டு என்பதை எனக்கு முதலில் ஊட்டியவர் அம்மா என்று எழுதினேன். 'அம்மா வாயைத் திறந்து ஒரு வரி பாடியதில்லை. ஒன்பது வருடம் பக்கத்தில் படுத்துப் பார்த்துக்கொண்டவள் சொல்கிறேன்' என்று ஓர் அஞ்சலட்டை போட்டுவிட்டுப் பேச்சை நிறுத்திக்கொண்டாய். முன்னுரை என்பது சத்தியப் பிரமாணம் அல்ல என்று அன்றே பதில் எழுதி, அனுப்பாமல் வைத்திருந்தேன். இப்போது அனுப்பியாயிற்று.

இனி உன் கோரிக்கை. குழந்தைப் பாட்டுகளைக் கேட்டுத் தலையாட்டுகிறவர்கள், அவற்றுக்குள் என்ன புதைந்திருக்கிறது என்று தோண்டிப் பார்ப்பதில்லை. எனக்கு அது நாற்பது வருட வேலை. இந்தப் பாட்டின் இருபத்தேழு வடிவங்களை ஒன்பது ஊர்களில் ஒலிநாடாவில் பதிவு செய்திருக்கிறேன். முதல் பதிவு ஒரு நூற்பாலைக் குடியிருப்பில், குழாயடியில், தண்ணீருக்கு வரிசையில் நின்ற பெண்களிடம். இருநூறு ஆண்டுகளுக்கு முன் கொள்ளைநோய் வந்தபோது, நோய் துணி வழியாகப் பரவுகிறது என்று மக்கள் அஞ்சியிருக்க வேண்டும். தைப்பவர்கள் வீட்டை ஊர் ஒதுக்கியிருக்க வேண்டும். சாத்திய கதவு அதைச் சொல்கிறது. பெட்டி சவப்பெட்டி. பொம்மை எது என்று நான் விளக்க வேண்டியதில்லை. பெரியவர்கள் வாயால் சொல்ல அஞ்சியதைப் பிள்ளைகள் விளையாடித் தீர்த்தார்கள். நான்காம் அடியைப் பற்றி மட்டும் மூன்று பக்கம் எழுதியிருக்கிறேன். சாவைக் கேள்வியாக்கிவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் ஓடிப்போகிற அந்த அடி, பெயரற்ற ஒரு மேதையின் வேலை.

எல்லா ஊரிலும் ஒரு தையற்காரி இருப்பாள். அவளுக்கு ஒரு மகளும் இருப்பாள். அதற்காகப் பாட்டை எடுக்கத் தொடங்கினால், மண்ணைத் தின்ற பாட்டு, மழையில் நனைந்த பாட்டு என்று ஒவ்வொன்றாகப் போய், பிள்ளைகளுக்கு வாய்ப்பாடுதான் மிஞ்சும். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். ஜன்னலை ஏன் சாத்துகிறாள் என்று உன் பட்டன்காரம்மாவையே கேட்டுப் பார்.

நீ சொல்கிற காலத்தில் உனக்கு ஆறு வயது. ஆறு வயது ஞாபகத்தைச் சான்றாக ஏற்கும் துறை எதையும் நான் அறியேன்.

அக்கா

ஜூன் 19

அக்காவுக்கு,

அவள் ஏன் சாத்துகிறாள் என்று கேட்கச் சொன்னாய். கேட்கவில்லை. எனக்குத் தெரியும். உனக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

ஒரு திங்கட்கிழமை நீ சீருடைச் சட்டை இல்லாமல் பள்ளிக்கூடம் போனாய். முழங்கை கிழிந்த பச்சைச் சட்டையை வெள்ளிக்கிழமை ஊசிக்காரியிடம் ஒட்டுப் போடக் கொடுத்திருந்தாய். ஞாயிற்றுக்கிழமை தருகிறேன் என்றிருந்தாள். ஞாயிறு மதியம் அவளுக்கு வலி கண்டுவிட்டது. ஏழாம் மாதம். புருஷன் அணைக்கட்டு வேலைக்குப் போய் ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. தெரு அதற்கு முன்பே மாதங்களை விரல்விட்டு எண்ணி முடித்து, அவளோடு பேச்சை நிறுத்தியிருந்தது. குழந்தை தங்கவில்லை. தூக்கிக்கொண்டு போக ஒரு ஆள் வரவில்லை. நூல்கண்டு வைக்கும் மரப்பெட்டியைக் காலி செய்து, குழந்தையை அதில் வைத்து, சின்னப் பெண்ணை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, சாயங்காலம் தெரு வழியாக அவளே எடுத்துப் போனாள். அந்தப் பெட்டிக்கு மூடி இல்லை. அம்மா ஜன்னலில் நின்று பார்த்துவிட்டு, பொம்மை மாதிரி இருக்கு என்றாள். நாம் இரண்டு பேரும் அவள் கைக்குக் கீழே நின்றிருந்தோம்.

திங்கட்கிழமை உனக்கு உள்ளங்கை கன்றுகிற அளவுக்குப் பிரம்படி. செவ்வாய்க்கிழமை தண்ணீர்த் தொட்டி விளிம்பில் சிலேட்டோடு உட்கார்ந்தாய். என்னைத் தகர மூடியில் தாளம் தட்டச் சொன்னாய். முதலில் 'தையல்காரி, தையல்காரி' என்று எழுதினாய். பாடிப் பார்த்துவிட்டு, "இழுக்குது" என்று சொல்லி, எச்சில் தொட்டு அழித்து, 'ஊசிக்காரி' என்று போட்டாய். பத்து வயதிலேயே உன் காது நல்ல காது. மீதி வரிகளும் அன்றைக்கே வந்துவிட்டன.

வியாழக்கிழமைக்குள் தெருப்பிள்ளைகள் எல்லோரும் அந்த நான்கு படிக்குக் கீழே நின்று பாடினார்கள். பெரியவர்கள் யாரும் அதட்டவில்லை. மாதம் முடிவதற்குள் அவள் வீட்டைக் காலி செய்துகொண்டு நூற்பாலை இருக்கிற ஊருக்குப் போனாள். பாட்டு அவளுக்குப் பின்னாலேயே வந்து சேர்ந்தது. எதிர்வீட்டு ஃபோர்மேனுக்கு அதே ஆலைக்கு மாற்றல். அவர் பிள்ளைகள் கொண்டுவந்தார்கள். அங்கே பள்ளிக்கூடத்தில் சேர்ந்ததும் சின்னப் பெண்ணையும் நடுவில் நிறுத்தினார்கள். யாரென்று தெரிந்து நிறுத்தவில்லை. அவள் முறை வந்தது, நின்றாள். இதை அவளே எனக்குச் சொல்லியிருக்கிறாள். "நானும் ஓடிப் பிடிச்சேன். பிடிக்காட்டி வெளியே விடமாட்டாங்களே" என்றாள். ஊசிக்காரி சாகிறவரை தெருப்பக்கத்து அறையில் மெஷினைப் போடவில்லையாம்.

நீ டேப்ரிக்கார்டரைத் தூக்கிக்கொண்டு முதலில் போன ஆலைக் குடியிருப்பு எது என்பது உன் புத்தகத்தின் பின்னிணைப்பில் இருக்கிறது. அதே ஊர்தான்.

எனக்கு அப்போது ஆறு வயது, ஒப்புக்கொள்கிறேன். உனக்குப் பத்து. பத்து வயது ஞாபகத்தை உன் துறை ஏற்குமா?

தங்கை

ஜூலை 2

தங்கைக்கு,

உன் கடிதத்தைப் படித்தவுடன் குப்பைக்கூடையில் போட்டேன். இரண்டு நாள் கழித்து எடுத்தேன். எடுக்க வைத்தது ஒரே ஒரு சொல்: 'இழுக்குது'. நாற்பது வருடம் மாணவர்களின் செய்யுள் பயிற்சிகளைத் திருத்தும்போதெல்லாம் ஓரத்தில் நான் எழுதிய சொல் அது. அதை நீ என் வகுப்பில் உட்கார்ந்து கேட்டிருக்க வழியில்லை.

ஒலிநாடாவைப் போட்டுக் கேட்டேன். குழாயடியில் பதிந்த முதல் வடிவத்தில் இரண்டாம் அடி, 'பச்சைச் சட்டையைத் தைத்துத் தர' என்று இருக்கிறது. அந்தப் பச்சைக்குப் பதினான்காம் அடிக்குறிப்பில் விளக்கம் கொடுத்திருக்கிறேன்: நோய் கண்ட வீட்டுத் துணிகளை அடையாளப்படுத்த இட்ட சாயமாகலாம் என்று. மூன்று ஆய்வேடுகள் அதை மேற்கோள் காட்டியிருக்கின்றன. மூன்றாவதில் 'ஆகலாம்' என்பதும் போய்விட்டது. அது நம் பள்ளிச் சீருடை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், சொல்லாவிட்டால் இந்தக் கடிதம் எழுதியதற்குப் பொருளில்லை. குழாயடியில் அந்தப் பாட்டை முதன்முதலாகக் கேட்டபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. எப்போதோ, எங்கேயோ, எனக்குள்ளேயே இருந்த பாட்டுபோல் தோன்றியது. அந்தத் தோற்றத்தையே அதன் தொன்மைக்குச் சான்றாக எடுத்துக்கொண்டேன். தன் முகத்தைக் கண்ணாடியில் பார்த்து, 'மிகப் பழமையான முகம், காலம் அறிய முடியவில்லை' என்று குறிப்பெழுதுகிறவர்களுக்குத்தான் விருது கொடுக்கிறார்கள்போலும்.

மன்னிப்புக் கேட்கும் பழக்கம் எனக்கில்லை என்பது உனக்குத் தெரியும். இந்த வயதில் புதிதாகக் கற்றுக்கொண்டால் சுருதி சேராது. செய்யக்கூடியதைச் செய்திருக்கிறேன். பாடநூல் குழுவுக்கு எழுதிவிட்டேன். பாட்டு என்னுடையது. அதன் வயது அறுபத்தாறு. ஒரு பெண்ணின் வீட்டு வாசலில் நின்று பாடி அவளை விரட்டுவதற்குப் பயன்பட்டது. நீக்கிவிடுங்கள். இவ்வளவுதான் கடிதம். இந்த ஒரு கடிதத்தில் நாற்பது வருட வேலையில் பாதியாவது போகும் என்று தெரிந்தேதான் எழுதினேன்.

ஒன்று கேட்க வேண்டும். முதல் இரண்டடி என் கை; இப்போது சிலேட்டு வரை ஞாபகம் வருகிறது. மூன்றாவது, அம்மா சொன்னதை நான் மடக்கிப் போட்டது. நான்காவது எனக்கு வரவில்லை. எவ்வளவு தட்டிப் பார்த்தாலும் அந்த இடத்தில் ஒன்றுமில்லை.

அக்கா

ஜூலை 21

தங்கைக்கு,

பாடநூல் குழுவின் செயலாளர் நேற்று நேரிலேயே வந்துவிட்டான். என் பழைய மாணவன். ஒரு பிஸ்கட் டப்பாவும், என் புத்தகமும், அதில் பக்கத்துக்குப் பக்கம் வண்ணச் சீட்டுகளுமாக வந்தான். காது மந்தமானவர்களிடம் பேசுவதுபோல் மெதுவாகப் பேசினான். எனக்குக் காது நன்றாகக் கேட்கும் என்றேன். அதன்பின் இன்னும் மெதுவாகப் பேசினான்.

பாட்டை நான்தான் எழுதினேன் என்பதை மறுபடி சொன்னேன். சட்டை, பிரம்படி, தொட்டி, சிலேட்டு, எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். பணிவாகக் கேட்டான். கேட்டுவிட்டுப் புத்தகத்தைத் திறந்தான். "அம்மா, இத்தனை ஊர்ல இத்தனை விதமா வழங்குற பாட்டை ஒரு தனி ஆள் எழுதியிருக்க முடியாதுன்னு நூத்தி நாப்பதாம் பக்கத்துல நீங்களே நிரூபிச்சிருக்கீங்க" என்றான். அது தவறு என்றேன். "நீங்க தப்பா எழுதுற ஆளாம்மா?" என்று கேட்டான். உண்மையாகவே வருத்தப்பட்டுக் கேட்டான். என் வகுப்பில் அவனுக்கு நான் கற்றுக்கொடுத்த ஒரே விஷயம், என்னை எதிர்த்துப் பேசக்கூடாது என்பது. அதை நன்றாகக் கற்றிருக்கிறான்.

பிறகு தயங்கித் தயங்கி, பாட்டுக்கு உரிமை கோருகிறேனா என்று விசாரித்தான். வாய்மொழிப் பாட்டு எவருக்கும் சொந்தமில்லை, எவரும் திரும்பப் பெற முடியாது என்று நான் நடத்திய பாடத்தை எனக்கே நடத்தினான். ஓர் எடுத்துக்காட்டைக்கூட மாற்றவில்லை. நான் வற்புறுத்தினால் என் பெயரையும் பழமைக் குறிப்பையும் எடுத்துவிடுவார்களாம். பாட்டு இருக்கும். சோதனைப் பள்ளிகளில் பிள்ளைகளுக்கு மிகவும் பிடித்த பாட்டு அதுதானாம். பெயரை எடுக்கச் சொன்னேன். ஆகவே, நான் எழுதிய ஒரே பாட்டு ஆசிரியர் பெயர் இல்லாமல் அச்சாகப் போகிறது.

போகிற வழியில் கீழ்வீட்டு மருந்துக்கடைக்காரரிடம், எனக்கு மறதி எப்போதிலிருந்து என்று விசாரித்துவிட்டுப் போயிருக்கிறான். எழுபத்தாறு வயதில் முதன்முறையாக ஒன்று சரியாக ஞாபகம் வந்திருக்கிறது. அதற்குப் பெயர் மறதி.

இதற்குமேல் குழுவில் செய்ய ஒன்றுமில்லை. அவளிடம் சொல்லியாக வேண்டும். சொல்ல வேண்டியவள் நான்தான். ஆனால் நான் வந்தால், பெரிய படிப்புப் படித்தவர்கள் என்று நாற்காலியைத் துடைத்துப் போடுவாள். அந்த மரியாதையில் உட்கார்ந்து இதைச் சொல்ல என்னால் ஆகாது. கோழைத்தனம் என்று நீ எழுதுவாய். தபால் செலவு மிச்சம், நானே எழுதிவிட்டேன். நீ சொல்.

நான்காம் அடியைப் பற்றிக் கேட்டிருந்தேன். நீ பதில் எழுதவில்லை.

அக்கா

ஆகஸ்ட் 1

அக்காவுக்கு,

நான்காம் அடி என்னுடையது.

மூன்றாவது வரியோடு உனக்கு நின்றுவிட்டது. பல்பத்தை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டிருந்தாய். அம்மாவும் எதிர்வீட்டு ஃபோர்மேன் மனைவியும் முந்தின நாள் வாசலில் நின்று, 'பேச்சு மூச்சே இல்லையாம், உண்மையா' என்று பேசிக்கொண்டது என் காதில் விழுந்திருந்தது. நான் தகர மூடியைத் தட்டிக்கொண்டே அதைச் சொன்னேன். நீ என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் எழுதிக்கொண்டாய். நல்லா இருக்கு என்று சொல்வாய் என்று காத்திருந்தேன்.

அறுபது வருடத்துக்கு அருகில் ஆன பிறகு அதற்கு மூன்று பக்கம் எழுதினாய். நீ என்னைப் பாராட்டியது என் வாழ்நாளில் அந்த மூன்று பக்கம்தான், அதுவும் 'பெயரற்ற மேதை' என்று. நான் பேச்சை நிறுத்தியது முன்னுரைக்காக அல்ல, அக்கா. முன்னுரை ஒரு சாக்கு. அந்த மூன்று பக்கத்தையும் ஊசிக்காரியை நினைக்காமல் ஐந்தாறு முறை படித்தேன். சந்தோஷமாக இருந்தது. அப்படிச் சந்தோஷப்பட்ட பிறகு உன் முகத்தில் விழிக்க முடியவில்லை. முதல் கடிதத்திலேயே இதை எழுதியிருக்க வேண்டும். குற்றமுள்ள நெஞ்சு என்று நீ எழுதியது, தெரியாமலே, விலாசம் சரியாகப் பார்த்துத்தான் வந்தது.

நேற்று மத்தியானம் அவளிடம் சொன்னேன். கட்டில் நிறையச் சட்டைகளைக் கொட்டி வைத்துக்கொண்டு பட்டன் தைத்துக்கொண்டிருந்தாள். எந்தத் தெரு, எந்த வீடு, தொட்டி, சிலேட்டு, நீ எழுதியது எது, நான் சொன்னது எது, எல்லாவற்றையும் சொன்னேன். கை நிற்கவில்லை. உன் புத்தகத்தில் என்ன போட்டிருக்கிறது என்று கேட்டாள். எழுத்துப் பொடியாக இருப்பதால் நானே படித்துக் காட்டினேன், கொள்ளைநோய், சவப்பெட்டி, மூன்று பக்கம், எல்லாம். முழுவதையும் கேட்டாள். நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

"கடைசி வரி தப்பு" என்றாள். "மூச்சு இருந்துச்சு. கொஞ்ச நேரம் இருந்துச்சு. அம்மா துணியில சுத்தி நெஞ்சோட வச்சுக்கிட்டு, யாரையாவது கூட்டிட்டு வான்னு என்னை அனுப்பிச்சுது. நான் ஒவ்வொரு கதவா தட்டிட்டு வந்தேன்."

எங்கள் வீட்டையும் தட்டினாயா என்று கேட்டேன். எந்த வீடு என்று ஞாபகமில்லையாம். தெருவில் இருந்த எல்லா வீடும்தான் என்றாள்.

அவளுக்கு ஞாபகமில்லை. எனக்கு வந்தது. ஞாயிற்றுக்கிழமை நாம் சாப்பிட உட்கார்ந்திருந்தோம். கதவில் சத்தம் கேட்டது. மிகவும் தாழ்வாக, நாதாங்கி எட்டாத உயரத்தில் தட்டுகிற சத்தம். 'கதவைத் திற, கதவைத் திற' என்று வெளியே ஒரு குரல். எழுந்திருக்கப் போன உன்னை அம்மா, உக்காந்து சாப்பிடு என்றாள். நீ உட்கார்ந்தாய். நானும் தலையைக் குனிந்துகொண்டேன். உன் முதல் வரி எங்கிருந்து வந்தது என்று நீ எந்த நாடாவிலும் தேட வேண்டாம்.

ஏழு மாதத்தில் பிறந்ததை, வசதி எதுவும் இல்லாத நாளில், இரண்டு கைச் சூட்டை மட்டும் வைத்துப் பிழைக்கவைத்திருக்கிறேன். ஒன்றல்ல. எத்தனை என்று வார்டில் கணக்கு வைத்ததில்லை. அம்மாவுக்கும் அந்தக் கைப்பக்குவம் உண்டு. எனக்கு அது எங்கிருந்து வந்தது என்று நினைக்கிறாய்?

பாட்டைப் பாடநூலிலிருந்து எடுக்கமாட்டார்களாம் என்பதையும் அவளிடம் சொல்லிவிட்டேன். போடட்டும் என்றாள். நீ எடுக்கச் சொன்னதையும், அவர்கள் உன்னை மறதிக்காரி ஆக்கியதையும் சொன்னேன். அடுத்த சட்டையை எடுத்து, பட்டன் இடம் பார்த்து, ஊசியைக் குத்திய பிறகுதான் பேசினாள். அவள் சொன்னதை ஒரு எழுத்தும் மாற்றாமல் உனக்கு எழுதுகிறேன். இதையாவது சரியாகப் பதிவு செய்துகொள்.

"உங்க அக்கா எழுதினதுல ஒண்ணே ஒண்ணுதான் எனக்கு ஒத்துக்கல. கொள்ளைநோய்க்குப் பயந்து எல்லாரும் கதவைச் சாத்திக்கிட்டாங்கன்னு போட்டிருக்காங்க. எங்க தெருவுல அன்னிக்கு யாருக்கும் ஒரு தும்மல்கூட இல்ல."

தங்கை